சான் பிளாஸ் முனை

1

நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்த கதை இது. காதிஸ் ஆஸ்பத்திரியில் அப்பா உயிர் போனபோது நான் பக்கத்தில் இல்லை. கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவரோடு ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த தங்கை நியெவெஸ், பில்பாவோவிலிருந்து ஓடி வந்து, "கடைசியா என்ன சொன்னாருக்கா?" என்று கேட்டாள். "உன் பேரைத்தான் சொன்னாருடி" என்றேன். அதை நேராக எழுதத் துப்பில்லாமல், இருநூறு வருஷம் பின்னால் போய் ஒரு கப்பல்காரனைப் பிடித்து வந்திருக்கிறேன். பாவம், அவன் என்ன செய்தான்?

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "1791ஆம் ஆண்டு, அலைகள் ஆர்ப்பரிக்கும் தென்கடலில், மாவீரன் ஃபெர்மின்..." (அடித்துவிட்டேன். அலை அப்படி ஆர்ப்பரித்தால் காகிதத்தில் ஒரு கோடு போட முடியாது.)

இப்போது எழுதுவது: ஃபெர்மின் அர்ரில்யாகா எங்கள் காதிஸ்காரன். கடற்படையில், யாரும் வரையாத கரைகளை வரைவது அவன் வேலை. கண்ணால் பார்த்த கரைக்கு முழுக்கோடு. மூடுபனியில் மறைந்த கரைக்குப் புள்ளிக்கோடு. பார்த்த முனைக்கு அன்றைய புனிதரின் பெயர். புள்ளிக்கோட்டுக்குப் பெயர் கிடையாது. பார்க்காத ஒன்றுக்கு எவன் பெயர் வைப்பான்?

3

அவன் அக்கா ரெமேதியோஸ். அவள் கணவன் பிளாஸும் கப்பல்காரன்தான். ஃபெர்மின் கிளம்பும்போது பிளாஸ் வம்புக்கு இழுத்தான்.

"ஏன் மச்சான், ஊர்ல இருக்கிற சாமி பேரையெல்லாம் கரைக்கு வைக்கிற. என் சாமிக்கு ஒண்ணு வெச்சா குறைஞ்சா போயிடுவ?"

"உங்க சாமி நாள்ல கரை தெரியட்டும் மாமா. உங்க தலை மாதிரி ஒரு மொட்டைப் பாறை கிடைக்காமலா போகும்?"

பிப்ரவரி மூன்று, மாமாவின் பெயருக்குரிய புனிதர் சான் பிளாஸின் நாள். தென்னமெரிக்காவின் கடைக்கோடிக் கரையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பனி. தன் கப்பலின் மூக்கே தெரியவில்லை. ஃபெர்மின் எட்டு மைலுக்கு முழுக்கோடு இழுத்தான். நடுவில் ஒரு முனையை வரைந்து, பெயரையும் எழுதினான். மாமா முகம் எப்படி மலரும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கைதேர்ந்த ஆள் இப்படிச் செய்வானா என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்வான். பிரியம் இருந்தால் செய்வான்.]

அடுத்த வருஷம் அதே வரைபடத்தோடு கிளம்பிய கப்பலில் பிளாஸ் வலியப் போய்ச் சேர்ந்தான். "என் முனையை நானே பார்த்துட்டு வரேன்" என்று துறைமுகத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னான். ஃபெர்மின் ஆழ்கடல் என்று காட்டியிருந்த இடத்தில் பாறைகள் இருந்தன. ஒரு படகு மட்டும் தப்பி வந்தது. பிளாஸ் அதில் இல்லை.

4

வரைபடக் கூடத்துக்கு ரெமேதியோஸ் கறுப்பு உடுத்தி வருகிறாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த முனையை நீ பார்த்தியா?"

முதல் முடிவு: "பார்த்தேன்க்கா." அவன் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போகிறாள். (வேண்டாம். இது எனக்கு ரொம்பச் சௌகரியமான முடிவு.)

இரண்டாம் முடிவு: "பார்க்கலைக்கா. ஒரே பனி. மாமாவுக்குக் குடுக்கணும்னு ஆசையில போட்டேன். நான்தான் கொன்னுட்டேன்." அவள் அவனை அறைகிறாள். (அப்படித்தான் எழுதினேன். மறுநாள் படித்தபோது அந்தக் கை உயரவில்லை.)

இப்போது எழுதுவது: உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த முனையை அழிக்க அவன் மை சுரண்டும் கத்தியை எடுக்கிறான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

"சுரண்டினா அவர் பேரும் போயிடுமா?"

"புள்ளிக்கோட்டுக்குப் பேர் எழுத விடமாட்டாங்கக்கா."

"அவருக்குக் கல்லறைகூட இல்லடா. இந்த உலகத்துல அவர் பேர் எழுதியிருக்கிற இடம் இது ஒண்ணுதான்."

"மே மாசம் அடுத்த கப்பல் போகுதுக்கா. தொண்ணூறு பேர்."

அவள் கையை எடுக்கவில்லை.

5

இதற்குமேல் பதினோரு நாளாக ஒரு வரி நகரவில்லை. என் பொய்யால் எந்தக் கப்பலும் முழுகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று நியெவெஸ் போன் செய்தாள்.

"அக்கா, அப்பா என் பேரை எப்படிச் சொன்னாரு? முழுசாவா, இல்ல சின்ன வயசுல கூப்பிடுவாரே, அப்படியா? கோபம் போயிருந்ததா? அதை நினைச்சுத்தான் தினமும் எந்திரிச்சு வேலைக்குப் போறேன்."

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

கத்தி ஃபெர்மின் கையில் இருக்கிறது. அக்காவின் கை அவன் மணிக்கட்டில் இருக்கிறது, இறுக்கமாக இல்லை. அடுத்து என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் வரைந்துகொள்ளுங்கள். எனக்கு வேறொரு வரி பாக்கி இருக்கிறது.

நியெவெஸ், அப்பா கடைசியாக . . . . . . . . . .