சிறுத்தையின் முடி

நானுஓயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில் ஓர் அறையை மியூசியம் என்று ஒதுக்கியிருந்தார்கள். சுவரில் மரை மான் கொம்புகள், மூலையில் கொழுந்து நிறுத்த பழைய தராசு, நடுவில் நூறு வருடத்துக்கு முன் சுடப்பட்டு, வைக்கோல் அடைத்து நிறுத்தப்பட்ட ஒரு சிறுத்தை. அதைத் துடைத்து அறையைப் பெருக்குவது ஜீவராணியின் வேலை. முழங்கால் கெட்டு மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் போனதிலிருந்து, ஒன்பது வருடமாக அந்த அறைதான் அவளுக்கு.

அன்று காலை கண்டியிலிருந்து மின்ஹா வந்திருந்தாள். பழைய மிருகத் தோல்களைப் பழுது பார்க்கப் படித்தவள். வந்ததும் வராததுமாக நீலக் கையுறையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டாள்.

"செத்து நூறு வருஷமானதுக்கு இவ்ளோ பயமா மிஸ்?" என்று ஜீவராணி சிரித்தாள்.

"சிறுத்தையப் பாத்துப் பயமில்லக்கா. அதுக்கு மருந்து பூசினவங்களப் பாத்துத்தான் பயம்."

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்களே, அந்த மாதிரி ஒரு கருவியை மின்ஹா சிறுத்தையின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். பிறகு கழுத்தில். பிறகு தொடையில். கருவியில் தெரிந்த எண்களைப் பார்த்தவள், ஜீவராணியின் கையிலிருந்த தூசித் துணியைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் துணிய அப்படியே கீழ போட்டுட்டு கொஞ்சம் தள்ளி வாங்க."

"ஏன் மிஸ்?"

"அந்தக் காலத்துல தோல பூச்சி அரிக்காம இருக்க உள்பக்கம் பூரா ஆர்சனிக் பூசுவாங்க. பாஷாணம்னு சொல்றோமே, அதுதான். நாளாக நாளாக முடிக்கு மேல தூளா வந்துரும். இதுல நெறைய இருக்கு."

ஜீவராணி துணியைப் போட்டாள். மின்ஹா குனிந்து பின்னந்தொடையைத் தடவினாள். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே முடியே இல்லை.

"இது பூச்சி அரிச்ச மாதிரி தெரியலையே. யாரோ புடுங்கின மாதிரி இருக்கு."

"எலியா இருக்கும்," என்றாள் ஜீவராணி.

பிடுங்கியவள் அவள்தான். நாலு வருடத்துக்கு முன் தம்பியின் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு திடுக்கிட்டு அழுதது. புலி முடி கட்டினால் பயம் தெளியும், சிறுத்தையும் புலிதான் என்று யாரோ சொல்ல, தொடையிலிருந்து ஒரு கொத்து முடியை இழுத்து, சிவப்புத் துணியில் வைத்துத் தைத்து, கறுப்பு நூலில் கோர்த்துக் கட்டிவிட்டாள். அழுகை நின்றது. அப்புறம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எந்தப் பிள்ளை பயந்தாலும் தாய்மார் அவளைத்தான் தேடி வந்தார்கள். அப்படி வந்து கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தத் துணிப் பொட்டலத்தைப் பிள்ளைகள் எந்நேரமும் சப்பிக்கொண்டே இருப்பதை அவளே பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"மிஸ்," என்றாள். "அந்த முடிய சின்னப் புள்ள வாயில வச்சா?"

மின்ஹா நிமிர்ந்தாள். "எந்தப் புள்ள?"

"பதினோரு புள்ளைங்க. நான்தான் புடுங்கித் தாயத்தா கட்டிவிட்டேன்."

மின்ஹா கருவியைக் கீழே வைத்தாள். ஜீவராணியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தாள். இரண்டு கையுறைகளை எடுத்துக் கொடுத்தாள்.

"வாங்க, எடுத்துருவோம்."

தொழிலாளர்களின் குழந்தைகளை வேலை நேரத்தில் வைத்திருக்கும் பிள்ளை மடுவத்துக்குப் பாதை இறக்கம். முழங்கால் வலி ஜீவராணிக்குத் தெரியவே இல்லை. போன நேரம் மதியம். மலையிலிருந்து தாய்மார் பால் கொடுக்க வந்திருந்தார்கள். அவள் வாசலிலேயே நின்று சொன்னாள். எலி மீதோ சிறுத்தையைச் சுட்ட துரை மீதோ பழி போடவில்லை.

"நான் கட்டின தாயத்துல விஷம் இருக்கு. எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துருங்க."

தாய்மார் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பல்லாலேயே நூலைக் கடிக்கப் போக, மின்ஹா பாய்ந்து தடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டியதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். பத்து வந்தது.

பதினோராவது, தனுஷிகாவின் ஒன்றரை வயது மகளுடையது. பிள்ளையின் கழுத்தில் நூல் இருந்தது, துணி இருந்தது. தையல் பிரிந்து, உள்ளே ஒன்றுமே இல்லை.

தனுஷிகா பிள்ளையை மடியில் சாய்த்தாள். பிள்ளையின் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. அப்புறம்தான் ஜீவராணியைப் பார்த்தாள்.

"நீங்கதானே கட்டுனீங்கன்னு நம்பித்தான்கா நான் கழட்டாம இருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜீவராணிக்கு.

தோட்டத்து லொறியிலேயே எல்லோரையும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். ஜீவராணியுடையதையும் சேர்த்துச் சிறுநீர் எடுத்துக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் லயத்தில் யாரும் ஜீவராணியுடன் பேசவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவள் போனால் நிற்பவர்கள் விலகி இடம் விட்டார்கள், மரியாதைக்கு அல்ல. சாப்பாட்டை அந்தக் கையால் பிசைய மனம் வராமல் கரண்டியால் அள்ளித் தின்றாள். தம்பியும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தனுஷிகாவின் மகளுக்குக் கொஞ்சம் இருந்தது. தானாகவே வெளியேறிவிடும், இரண்டு மாதம் சத்து மருந்து கொடுத்துத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றார். கடைசியாக ஜீவராணியின் உள்ளங்கைகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். சோளமணி போல் தடித்துக் கிடந்த புள்ளிகளை அவள் இத்தனை நாளும் கொழுந்து பறித்த காய்ப்பு என்றே நினைத்திருந்தாள்.

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும் டாக்டர்."

"எல்லாரையும்விட உங்க உடம்புலதான் அதிகம். கொழும்புக்கு எழுதித் தர்றேன், போய்க் காட்டணும்."

அவள் தலையசைத்தாள். பிள்ளைகளின் சோதனை முடிவைக் கேட்டபின் வேறெதுவும் அவள் காதில் சரியாக ஏறவில்லை. வெளியே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தனுஷிகா வந்து எதிரே நின்றாள். ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் பை, வாயில் மருந்துச் சீட்டு. சீட்டைக் கைக்கு மாற்றினாள்.

"மருந்து எடுக்கணும், லைன் பெருசா இருக்கு. புள்ளைய கொஞ்சம் புடிங்க."

ஜீவராணி இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கையிலயா?"

"கழுவிட்டுத்தானே இருக்கீங்க," என்றாள் தனுஷிகா, முகத்தைப் பார்க்காமலே. பிள்ளையை மடியில் இறக்கிவிட்டு வரிசைக்குப் போனாள். திரும்பி வரும்வரை ஜீவராணி பிள்ளையை இறுக்கிப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.