தக்காளி அறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள்

1

இந்தக் கதை ஓர் எலிப்பொறியில் தொடங்கியது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் புதுப் பொறி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அந்த வீட்டில் எலி இருந்ததே இல்லை. எழுதுகிறவனுக்கு இது போதும். உடனே மனசுக்குள் முதல் வரியை எழுதிவிட்டேன்:

‘காற்றுகூட நுழையாத அந்த அறைக்குள் அன்று மதியம்

(நிறுத்திவிட்டேன். காற்று நுழையாத அறை என்றாலே வாசகர் கொலை என்று முடிவு கட்டிவிடுவார். இதில் கொலை இல்லை. தக்காளி இருக்கிறது.)

2

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் ஏசி மெக்கானிக். ஊரான் வீட்டையெல்லாம் குளிரவைத்து அலுத்துப்போய், சொந்தமாக எதையாவது வளர்க்க ஆசைப்பட்டார். செடி வெளிச்சத்தில் கரியமில வாயுவைத் தின்று வளர்கிறது. வாயுவைக் கூட்டிக் கொடுத்தால் விளைச்சலும் கூடும். ஆனால் அறையில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது. இருந்தால் சிலிண்டரில் வாங்கிய வாயு தெருவுக்குப் போய்விடும்.

எனவே பின்பக்க அறையின் ஜன்னலைப் பலகை வைத்து மூடினார். சுவர் முழுக்க வெள்ளி நிறத் தாள் ஒட்டினார். மூலை முடுக்கெல்லாம் சிலிக்கான் பசை, கதவைச் சுற்றி ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர், ஒயர் போகும் துளைக்குள் நுரை. ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டே நகர்வார். புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. எல்லாம் முடிந்ததும் கதவில் ஒரு போர்டு: ‘அபாயம். உள்ளே வாயு. யாரும் வரக் கூடாது.’ அத்தானின் அம்மா அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

[வேறு ஏதோ செடி என்று நினைக்கும் வாசகருக்கு: தக்காளிதான். நானே பார்த்தேன்.]

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் திருப்பம் மாதிரி ஆகிவிடும். எனக்குத் திருப்பம் பிடிக்காது. அந்த அறை அக்காவுக்கென்று பேசி வைத்திருந்த அறை. எதற்கு என்று கேட்டபோது, “சும்மா, கதவைச் சாத்திட்டு உட்காரத்தான்” என்றாள். அது ஒரு காரணமாக யாருக்கும் படவில்லை. எனக்கும்தான்.

3

அறையைச் சோதிக்க அத்தான் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் விளக்கைப் போட்டு, வாயுவை நிரப்பி, சிலிண்டரை மூடிவிட்டு வேலைக்குப் போவார். வாயுவின் அளவைக் காட்ட உள்ளே மாட்டிய மீட்டரின் எண் அவர் போனில் தெரியும். செடி தின்னத் தின்ன எண் மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் எங்கோ ஓட்டை. அவருடைய எண் அழகாக இறங்கியது. மதியம் ஏறியது.

மூடிய சிலிண்டர், எரிகிற விளக்கு, ஏறுகிற எண். மீட்டரைக் கழற்றிக்கொண்டு விற்ற கடைக்கே போனார்.

“மீட்டர்ல ஒண்ணும் இல்ல சார். உள்ள ஏதோ மூச்சு விடுது.”

“என்ன மூச்சு? அடைச்ச ரூம்பா அது.”

“எலி கிலி இருக்கும்.”

அவ்வளவு மூச்சு விட எலி கன்றுக்குட்டி அளவு இருக்க வேண்டும். அத்தானுக்கு அது உறைக்கவில்லை. தான் அடைத்த அறையில் எலி நுழையும் அளவுக்கு ஓட்டையா என்ற அவமானம் கண்ணை மறைத்துவிட்டது. பொறி வாங்கி அறைக் கதவுக்கு உள்ளே வைத்தார்.

(அக்கா அந்தப் பொறியைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறாள். அதிலிருந்த ரொட்டித் துண்டு காய்ந்துபோனபோது புதிதாக மாற்றியும் வைத்திருக்கிறாள். இரண்டாவது என் சொந்தச் சரக்கு. ஆனால் அவள் செய்யக்கூடியவள்.)

4

எண் ஏறத் தொடங்கிய ஒரு மதியம் அத்தான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார். தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே, தரையில் பழைய போர்வையை விரித்து அக்கா படுத்திருந்தாள்.

முதல் வரைவில் இந்த இடத்தில் அவளை அழவைத்தேன். இரண்டாவதில் பாடவைத்தேன். அத்தான் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

“அசையவே இல்ல மச்சான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் கால் கட்டைவிரலை ஆட்டினா. அப்பதான் உசிரே வந்துச்சு.”

“கதவைத் தட்ட வேண்டியதுதானே?”

“தட்டலாம்னுதான் கையைத் தூக்கினேன். கூடத்துல டிவி அலறுது, அம்மா போன்ல கத்துறாங்க. உள்ள ஒண்ணும் கேக்காதுல்ல. அவ அப்படி நிம்மதியாக் கிடந்து நான் பாத்ததே இல்ல. திரும்பி வந்துட்டேன்.”

நிம்மதி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனம். வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டால் முதலில் தரையில்தான் தேங்கும். ஒரு மெக்கானிக்குக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5

“நீ எழுதுறவன்தானே, ஒரு முடிவு சொல்லு” என்றார். நான் மூன்று சொன்னேன்.

முடிவு அ: பூட்டுப் போடுவது.

“போட்டா அவ எங்க போவா?”

முடிவு ஆ: அக்காவிடம் பேசிவிடுவது.

“நான் பாத்தது தெரிஞ்சா அப்புறம் உள்ள போகவே மாட்டா. உங்க அக்கா குணம் தெரியாதா?”

முடிவு இ: தக்காளியைத் தூக்கி எறிந்துவிட்டு அறையை அவளுக்கே கொடுப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். வாசகரும் லேசாகக் கண் கலங்குவார். அத்தான் என்னைக் கத்துக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வாயு இருக்குன்னுதான் அங்க யாரும் வரதில்ல. தக்காளிய எடுத்துட்டா மறுநாளே அம்மா அங்க உக்காந்து துணி மடிப்பாங்க.”

அவர் செய்தது என் மூன்றிலும் இல்லை. சிலிண்டரைக் காலி செய்தார். அவ்வப்போது அதை ஸ்கூட்டரில் ஏற்றி, எல்லார் காதிலும் விழும்படி “ரொப்பிட்டு வரேன்” என்று கிளம்புவார். தெருவைச் சுற்றிவிட்டு வந்து, நிறைந்த சிலிண்டரைத் தூக்குகிறவர் மாதிரி முக்கிக்கொண்டே இறக்குவார். தேடித் தேடி அடைத்த சுவரில் தானே ஒரு துளை போட்டார். தக்காளி கோலிக்குண்டு அளவில் காய்க்கிறது. வீடே சிரிக்கிறது. அக்காவும் சேர்ந்து சிரிக்கிறாள். அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. பிடிக்கவில்லை, எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

6

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முதலில் முடித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் எல்லா வரைவுகளிலும் ஒரு விஷயத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அத்தானும் அப்படித்தான். அவர் சுவரைத் துளைத்தார். நான் அவரை நினைத்து உருகினேன்.

சிலிண்டர் காலி என்பது அக்காவுக்குத் தெரியாது. போர்டைப் படிக்கத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தேதான் அவள் அந்தத் தரையில்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

7

இதை வெளியிட்டால் அத்தானின் நாடகம் கலைந்துவிடும் என்று தெரியும். பரவாயில்லை. அந்த வீட்டில் நான் எழுதுவதைப் படிக்கிறவள் ஒருத்திதான். அத்தானின் அம்மா என் கதை என்றால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். எனவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு முடிவு கிடையாது. இதற்குமேல் எங்கள் வீட்டு விஷயம்.

அக்கா, உள்ளே வாயு இல்லை. ஓரத்துத் தொட்டிக்குப் பின்னால் சுவரில் துளை இருக்கிறது, பார்த்துக்கொள். நீ தூங்கத்தான் போகிறாய் என்றால் நன்றாகத் தூங்கு; நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன். வேறு எதற்காவது போகிறாய் என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது. இனி தினமும் மதியம் கூப்பிடுவேன். போனை உள்ளே கொண்டுபோ. எடுத்துப் பேசு.