களவாகத் தின்னாத எலி

ஆழ்வாப்பிள்ளையின் குடும்பத்து ஆண்களுக்குக் கண்ணோரத்தில் மஞ்சள் பொட்டொன்று வரும். மூக்கை ஒட்டிய இமையில், பயற்றம் பருப்பளவில், தொட்டால் மெழுகுபோல மெத்தென்றிருக்கும். இளவயதிலேயே திடீரென்று இறந்துபோன அவருடைய அப்பாவுக்கு இருந்தது. தம்பி கேதீஸ்வரனுக்கு இருந்தது. தம்பியின் மகன் மயூரதனுக்கு முப்பத்தைந்து வயதிலேயே இரண்டு இமையிலும் வந்துவிட்டது. லட்சுமி பொட்டு வைத்த குடும்பம் என்று தெல்லிப்பழையில் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆழ்வாப்பிள்ளைக்கு மட்டும் அது வரவில்லை. எழுபத்து நான்கு வயதிலும், முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இமையை ஒருமுறை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை.

பொட்டுக் கிடைக்காவிட்டால் என்ன, ஆயுள் கிடைத்தது. அது தன் ஒழுக்கத்துக்குக் கிடைத்த கூலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த காலத்தில், விருந்துகளில் எல்லோரும் ஆட்டிறைச்சியைச் சுற்றி நிற்க, இவர் ஒரு சோடாப் போத்தலோடு முதுகை நிமிர்த்திக்கொண்டு தனியாக நின்ற மனிதர். இடம்பெயர்ந்து அகதி முகாமில் கிடந்தபோதுகூட முட்டை போட்ட பாத்திரத்தில் அவர் சோறு வாங்கியதில்லை.

தம்பி அப்படியில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். கொழும்பில் தனியே அறை எடுத்து வேலை பார்த்த கேதீஸ்வரன், நாற்பத்தொரு வயதில் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தான். இரத்தக் குழாயில் அடைப்பு, கொலஸ்ரோல் அதிகம் என்றார் டொக்டர். மரக்கறி தின்கிறவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? பெடியன் வாயைக் கெடுத்திருக்கிறான். "இல்லை அத்தான், அவர் முட்டை மணத்துக்கே எழும்பிப் போற ஆள்" என்று தம்பியின் மனைவி பராசக்தி செத்தவீட்டிலேயே அழுது சொன்னாள். புருஷன் களவாகத் தின்றது ஊரில் இருந்த இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறகு யார் விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "எங்கடை இரத்தத்திலை ஒரு குறையும் இல்லை. அவன் கொழும்புச் சாப்பாட்டாலை போனவன்."

இன்றைக்கு மயூரதனைப் பார்க்கப் பருத்தித்துறையிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். தகப்பன் இடத்தில் இருந்து பேசப்போகிறவர் ஆழ்வாப்பிள்ளை. அவருடைய மகள் ஆரணியோ இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை முடியவில்லையாம். அவளோடு ஒரு மாதமாக அவருக்குச் சரியான பேச்சும் இல்லை. கோயில் தேர் இழுத்தபோது மயூரதன் பாதி வீதியில் வடத்தை விட்டுவிட்டு, நெஞ்சைத் தடவியபடி மதில் கரையில் குந்திவிட்டான். அன்றிலிருந்து அவனுடைய இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று ஆரணி நின்ற நிலையில் நிற்கிறாள்.

"விரதக் களைப்பு. கலியாணம் பேசிற நேரத்திலை ஆசுப்பத்திரி வாசல்லை நிண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று அவர் கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலை ஆருக்கும் தெரியாமல் சோதிக்கலாம், அப்பா."

"களவாய்ச் செய்யிற வேலை எங்கடை வீட்டிலை இல்லை."

மயூரதன் பெரியப்பாவின் சொல்லை மீறுகிறவன் அல்ல. அதோடு கதை நின்றிருந்தது.

கையோடு மகளை அழைத்து வருவோம் என்று ஓட்டோ பிடித்துப் போனார். ஆய்வுகூடத்துக்குள் தவிட்டு மணம் அடித்தது. கம்பிக் கூடுகளில் எலிகள். மேசையில் வெள்ளைத் துணியால் மூடிய ஒரு தட்டு. துணியின் கரையில் சின்னதாய் ஒரு வால் தெரிந்தது.

"நீ எலியைக் கொல்லுறியோ?"

ஆரணி கையுறையைக் கழற்றினாள். "நோகாமல்தான் செய்யிறம் அப்பா. இரத்தக் குழாய் என்னெண்டு அடைபடுது எண்டு பாக்கிற ஆராய்ச்சி."

முட்டை உடைக்காத வீட்டுப் பிள்ளை! மகள் விஞ்ஞானம் படிக்கிறாள் என்றுதான் அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தனீங்கள், ஒரு நிமிசம் இதைப் பாத்திட்டு வாங்கோ. பிறகு நான் சீலை உடுத்திக்கொண்டு வந்து பொம்மை மாதிரி நிக்கிறன்."

மறுத்தால் இன்னும் நேரம் போகும் என்று நுணுக்குக் காட்டியில் கண்ணை வைத்தார். வட்டமான ஒரு குழாயின் வாய். உள்ளே சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

"இது சாதாரண எலியின்ரை இரத்தக் குழாய். மாதக் கணக்காய்க் கொலஸ்ரோல் கலந்த சாப்பாடு குடுத்தம். பாருங்கோ, ஒண்டும் பெரிசாய் இல்லை."

அடுத்த கண்ணாடித் தகட்டை வைத்தாள். குழாயின் வாயைச் சிவப்புச் சாயம் ஏறிய கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது.

"அதே சாப்பாடுதான். ஆனா இந்த எலியின்ரை வம்சத்திலை ஒரு குறை. இரத்தத்திலை இருக்கிற கொழுப்பை அதாலை அகற்ற ஏலாது."

"ம்."

"இனி இது."

மூன்றாவது குழாயிலும் சிவப்பு இருந்தது. முன்னதைவிடக் குறைவுதான். ஆனாலும் சுவரெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது.

"இதுவும் கொழுப்புத் திண்ட எலிதானே?" என்றார்.

"இல்லை. அதே வம்சம். ஆனா வெறும் தானியம். கொலஸ்ரோல் ஒரு பொட்டும் சேர்க்கேல்லை."

"பொய். ஆரோ களவாய்க் குடுத்திருக்கினம்."

ஆரணி சிரிக்கவில்லை. "கூட்டுக்குள்ளை பூட்டி வைச்ச எலி அப்பா. அது எங்கை போய்க் களவாய்த் தின்னும்?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். கொழும்பு அறையில் தம்பி தனக்கென்று வைத்திருந்த சோற்றுப் பானை நினைவுக்கு வந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு சாமான்களோடு சாக்கில் கட்டி வந்தது அது. அதைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தவர் அவர். பருப்பு மணந்தது. கழுவி மறைத்திருக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தார்.

"எலி வேறை, மனுசன் வேறை" என்றார்.

"ஓம், வேறைதான். எல்லாருக்கும் இப்பிடி எண்டு நான் சொல்லேல்லை. சாப்பாடும் சும்மா இல்லை, கொழுப்புத் திண்டதுக்கு அதிகமாய் அடைச்சுக் கிடந்தது, பாத்தீங்கள்தானே. ஆனா மனுசரிலையும் சில குடும்பங்களுக்கு இது பரம்பரையாய் வரும். சித்தப்பா ஒண்டும் களவாய்த் தின்னேல்லை அப்பா. மயூரதன் அண்ணாவின்ரை கண்ணிலை கிடக்கிற மஞ்சள் பொட்டைப் பாருங்கோ. அது லட்சுமி வைச்சதில்லை. கொழுப்பு. தோலுக்குக் கீழை படிஞ்ச கொழுப்பு."

ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்தார். கை தானாகவே தன் இமைக்குப் போனது.

"எனக்கு..."

"உங்களுக்கு வரேல்லை. போன வருசம் உங்கடை இரத்தம் பாத்தம், நல்லாயிருந்தது. நீங்கள் முதலாவது எலி, அப்பா."

எழுபத்து நான்கு வருட ஒழுக்கத்தை அவள் ஒரு கூட்டில் போட்டுப் பூட்டிவிட்டாள். நெய்யும் தயிரும் குறைவில்லாமல் தின்று, நிமிர்ந்து நடந்து, தம்பியைப் பழித்துக்கொண்டு வாழ்ந்த சாதாரண எலி. கதிரையில் இருக்கச் சொல்லி மகள் கேட்டும் அவர் இருக்கவில்லை.

"அண்ணாவுக்கு இருந்தால் குளிசை மருந்து இருக்கு. சித்தப்பா காலத்திலை எங்களுக்கு ஒண்டும் தெரியாது. இப்ப தெரிஞ்சுகொண்டு விடுறதோ?"

இருவரும் ஓட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

பெண் வீட்டார் நேரத்துக்கு வந்தார்கள். பெண்ணின் தகப்பன் சீவரத்தினம் தடித்த குரல்காரர். அவருடைய மனைவி கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் அளந்தாள். மயூரதன் வெள்ளைச் சேட்டோடு தலையைக் குனிந்து இருந்தான். சன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. இரண்டு மஞ்சள் பொட்டும் பளிச்சென்று தெரிந்தன. ஆழ்வாப்பிள்ளையால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"பெடியனைப் பற்றி நல்லாய்த்தான் கேள்விப்பட்டம்" என்றார் சீவரத்தினம். "ஒண்டு மட்டும் கேக்கோணும், குறை நினையாதேங்கோ. தகப்பன் இளவயசிலை தவறினவராம். என்ன வருத்தம்?"

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். அதைச் சொன்னால் சம்பந்தம் முடிந்துவிடும். வம்சம் பிழையில்லாமல் நிற்கும். பிறகு மயூரதன் ஒரு பஸ் தரிப்பிடத்தில் விழுந்தால்? அவனும் களவாய்த் தின்றவன் என்று சொல்லலாம்.

குசினிக்குள் பராசக்தி கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"என்ரை தம்பி" என்றார் ஆழ்வாப்பிள்ளை, "கடைசி வரைக்கும் சைவம்."

குசினிச் சத்தம் நின்றது.

"இரத்தக் குழாய் அடைப்பிலை போனவன். அது இரத்தத்தோடை வாற வருத்தம். எங்கடை அப்பாவும் அதாலைதான் போயிருப்பார் எண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. பெடியனுக்கும் இருக்கலாம். இன்னும் சோதிக்கேல்லை. குளிசையாலை கட்டுப்படுத்தலாமாம்."

சீவரத்தினத்தின் மனைவி கைப்பையை மடியில் எடுத்து வைத்தாள். "இதை முதலே சொல்லியிருந்தால் பெற்றோலாவது மிஞ்சியிருக்கும்."

"நீ சும்மா இரப்பா" என்றார் சீவரத்தினம். ஆனால் அவரும் எழும்பிவிட்டார். "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை."

"யோசியுங்கோ. வடிவா யோசியுங்கோ."

படலை வரை போய், முதுகு வளையாமல் நின்று, வான் திரும்பும்வரை பார்த்துவிட்டு வந்தார். கூடத்தில் பராசக்தி தட்டத்தோடு நின்றாள். ஆட்கள் போன பிறகு தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், அத்தான்" என்றாள்.

"ஓம். சொன்னனீர்."

அவர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

மயூரதன் இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. "பெரியப்பா, எனக்கும் அப்பாவின்ரை வருத்தமோ?"

"தெரியாது. நாளைக்குக் காலமை ஒண்டும் தின்னாமல் வெளிக்கிட்டு நில். ஆசுப்பத்திரிக்கு நானும் வாறன்."

ஆரணி வாசலிலிருந்து மெல்லக் கேட்டாள்: "யாழ்ப்பாணத்திலையோ அப்பா? சனம் காணாமல்?"

"இஞ்சை, எங்கடை ஊரிலை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "முன் வாசலாலை போவம்."