சிறகி ஓடிப்போன அத்தியாயம்

கொசு பக்கத்தைப் புரட்டுகிற ஒவ்வொரு தடவையும் எத்தனையாவது பக்கம் என்று வாலு எட்டிப் பார்த்தாள். அம்மா எழுதிய புத்தகம் அச்சாகி வந்தால் வீட்டுப் பிள்ளை துள்ளிக் குதிக்க வேண்டும். இவளோ பேயறைந்தவள் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கொசு, வரியை விரலால் தொட்டுத் தொட்டு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

கொசு என்பது பட்டப்பெயர், அவ்வளவு ஒல்லி. பதிலுக்கு இவளுக்கு வாலு என்று வைத்ததும் கொசுதான். ஒண்ணாம் வகுப்பிலிருந்து ரெண்டும் ஒட்டிக்கொண்டே திரிகிற ஜோடி.

முதல் புத்தகம் இந்த வீட்டுச் சமையலறையில்தான் பிறந்தது. ஒரு அத்தியாயம் முடிந்ததும் அம்மா அதை வாசித்துக் காட்டுவாள். மேடை மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கேட்பார்கள். இவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அந்தப் பக்கம் நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும். அப்படி உருவானவள்தான் சிறகி. காற்றில் நடப்பாள், நிழல் அரசனையே “போடா” என்பாள், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். இரண்டாம் புத்தகத்துக்கு மட்டும் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். “அச்சுல பாத்துக்கோங்க” என்று சிரித்து வேறு வைத்தாள். வாலு அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

நேற்று அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் சிறகியின் தோழியை ஒரு குகையில் அடைத்துவிடுகிறார்கள். வெளியே சிறகி நிற்கிறாள். தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறது. உள்ளே தோழி அழாமல் ஒரு மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏழாவது வரியில் தப்பு வருகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், மறுபடியும் ஏழாவது வரியில் தப்பு. சிறகி அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அப்புறம் ஓடிவிடுகிறாள்.

அது குகையும் இல்லை, மந்திரமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற அறை, பதினாறாம் வாய்ப்பாடு. போன வருஷம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய வகுப்புப் பெண்கள் வேடிக்கைக்காகக் கொசுவை அதற்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். “திறந்தே, அடுத்தது நீதான்” என்று வாலுவிடம் சொல்லிவிட்டு, மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் காவலாளி வந்துதான் திறந்துவிட்டார். காய்ச்சலாக இருந்ததால் மணி அடித்ததுமே வீட்டுக்குப் போய்விட்டேன் என்று மறுநாள் வாலு கூசாமல் புளுகினாள். கொசு நம்பினாள். நம்பியதோடு விட்டாளா, “இப்ப பரவாயில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உண்மையை வாலு அம்மாவிடம் மட்டும்தான் சொல்லி அழுதாள். பெற்றவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பெற்றவள் கதை எழுதுகிறவளாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் என்ன கண்டாள்!

“ஏம்மா இப்படிப் பண்ண?” என்று நேற்றே கேட்டாள்.

“பேரு, இடம், எல்லாம் மாத்திட்டேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?”

“அந்த ஏழாவது வரி?”

அம்மா திருதிருவென்று விழித்தாள். “அது ரொம்ப நல்லா இருந்துச்சு. விட மனசு வரல” என்றவள், உடனே குரலை ஏற்றிக்கொண்டாள். “சிறகி வளர வேணாமா? தப்பே பண்ணாதவ எப்படி வளருவா?”

“அதுக்கு என் தப்புதான் கிடைச்சுதா?”

அம்மா குனிந்து காலிப் பெட்டியை மடிக்க ஆரம்பித்தாள். புத்தகம் கடைகளுக்குப் போயாகிவிட்டது. இன்றைக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாக வாங்கிய கொசு, இங்கே உட்கார்ந்துதான் படிப்பேன் என்று வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் சமையலறைக்குள் போன அம்மா வெளியே தலை காட்டவே இல்லை.

“அப்புறம் படிக்கலாம், வாடி, வெளிய போயிட்டு வரலாம்” என்றாள் வாலு.

“சும்மா கிட. நல்ல இடத்துல இருக்கேன்.”

பக்கம் புரண்டது. ஒன்பதாம் அத்தியாயம்.  எழுந்து ஓடிவிடலாமா என்று வாலுவுக்குக் கால் பரபரத்தது. கொசுவின் விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்து, அத்தியாயத்தின் கடைசியில் நின்றது.

“சீ. இது சிறகியே இல்ல.”

“ஏன்டி?”

“கதவத் திறக்காம ஓடிட்டாடி. சிறகி அப்படிப் பண்ணுவாளா? இதுக்கா ஒரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்? உங்கம்மாவுக்கு எழுதவே மறந்துபோச்சு.”

போன உயிர் திரும்பி வந்தது வாலுவுக்கு. “சுத்த மோசம். நானும் அம்மாகிட்ட சொன்னேன்” என்று படபடவென்று ஒத்து ஊதினாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தப்பித்தோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

கொசு பக்கத்தைத் திரும்பப் புரட்டினாள். விரல் மேலே போய் ஒரு வரியில் நின்றது. அதையே இரண்டு தடவை வாசித்தாள்.

“ஏழுல தப்பு விடறது...” என்றாள் மெதுவாக. “இத நான் யார்கிட்டயும் சொல்லலையே.”

அம்மா கற்பனை பண்ணியது என்று சொன்னால் முடிந்தது கதை. வாலு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கொசு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கதவுக்கு அடியில ரெண்டு கால் நிழல் தெரிஞ்சுது” என்றாள். “யாரோ நிக்கிறாங்க, இப்ப திறந்துடுவாங்கன்னு நினைச்சேன். அந்த தைரியத்துலதான்டி வாய்ப்பாடு சொல்லிட்டே இருந்தேன். நிழல் போனப்புறம்தான் எனக்குப் பயமே வந்துச்சு.”

வாலு அழுதாள். கொசு அழவில்லை.

“சிறகி திரும்பப் போய்த் திறக்கறாளா?”

“ம். அடுத்த அத்தியாயத்துல.”

“அப்ப அது மட்டும்தான் உங்கம்மா சொந்தமா எழுதினது” என்றாள் கொசு. புத்தகத்தை சோபாவிலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.