சிஐடி அம்மாவும் மோதிரமும்

மமதாவின் பையைப் பிடுங்கி அப்பாவின் கால்மாட்டிலேயே கவிழ்க்கப் போனான் விஜய்குமார்.

"நா தகொண்டில்லா அம்மா," நான் எடுக்கவில்லை என்று கன்னடத்தில் அழுதாள் அவள். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். விடிந்ததும் உயிர் போய், குளிப்பாட்டும்போதுதான் அப்பாவின் விரலில் கல்யாண மோதிரம் இல்லை என்று தெரிந்தது. எல்லார் கண்ணும் மமதா மேல் போயிற்று. வீட்டில் அவள் ஒருத்திதானே வெளியாள்! ஏஜென்சிக்கு போன் போடப் போவதாக விஜய்குமார் சொல்லிக்கொண்டிருந்தான். போட்டால் அவள் பிழைப்பு போயிற்று.

"பையில கை வெக்காத, விஜி."

தலைமாட்டிலிருந்து அம்மாவின் குரல். அவன் தங்கை தர்ஷினி திரும்பினாள். தெருவில் காணாமல்போன கேஸ் சிலிண்டரையும், யாரோ ஓட்டிக்கொண்டு போன ஸ்கூட்டரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுத்தவள் அம்மா கிருஷ்ணம்மாள். பெங்களூர் லிங்கராஜபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் இந்தக் கிழவிக்கு சிஐடி அம்மா என்றே பெயர். அதைக் கேட்டாலே மகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

"மமதா, இப்டி வாம்மா. நேத்து சாயங்காலம் கட்டில் பக்கத்துல நான் கண்ணசந்தப்போ, அவரு இன்னா கேட்டாரு?"

"பூட்ஸ் கேட்டாரு அம்மா. சங்கு ஊதிடுச்சு, ஷிஃப்டுக்கு டைம் ஆச்சுன்னு... நான் சிரிச்சிட்டு டீ போட உள்ள போனேன்."

"அது ஒளறல்மா," என்றான் விஜய்குமார். "கோலாரை விட்டு வந்து எத்தினி வருஷமாச்சு!"

"ஒளறல்தான். மோதிரத்தோட உங்கப்பா என்னைக்காவது ஷிஃப்டுக்குப் போயிருக்காரா? தங்கச் சுரங்கம்டா. மேல ஏறி வர்றப்போ சோதனை போடுவாங்க. மோதிரத்தைக் கழட்டிட்டுதான் பூட்ஸு."

"கழட்டி எங்க வெப்பாரு?" தர்ஷினியே கேட்டுவிட்டாள்.

அம்மா தன் முந்தானை நுனியைத் தடவிப் பார்த்தாள். குளித்துவிட்டு மாற்றிய புடவை இது.

"நேத்து கட்டியிருந்த பொடவை எங்கடி?"

பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. தர்ஷினி பாத்ரூமுக்கு ஓடினாள். ஈரப் புடவையைப் புரட்டிப் புரட்டி முந்தானைக்கு வந்தாள். நுனியில் ஒரு முடிச்சு. அப்பாவின் நடுங்கும் விரல்கள் போட்ட, தளர்ந்த முடிச்சு. உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. சொட்டச் சொட்ட அப்படியே ஹாலுக்குத் தூக்கி வந்தாள்.

"மமதா அவுக்கட்டும்," என்றாள் அம்மா.

அவள் உள்ளங்கையில் மோதிரம் விழுந்தது. விஜய்குமார் இரண்டு கையாலும் பையை அவளிடம் நீட்டினான். "தப்பா நெனச்சிட்டேம்மா. மன்னிச்சிடு."

இவள் என் அம்மா என்று சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது தர்ஷினிக்கு. அப்பா செத்துக் கிடக்கும்போது இப்படி ஒரு பெருமையா என்று கூச்சமும் வந்தது. ஆனாலும் பெருமைதான்.

வெளியே சவ வண்டி வந்து நின்றது.

"வண்டில ஏத்துற வரைக்கும் மோதிரத்தை அப்பா விரல்ல போட்டு விடட்டுமாம்மா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"வேணாம். வேலைக்குக் கெளம்பிட்டாரு."

அம்மா மோதிரத்தைத் தன் முந்தானை நுனியில் முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "தூக்குங்கப்பா," என்றாள்.