அறுபது சென்டிமீட்டருக்கு ஒரே நிறம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கியாபாம்பா ஆற்றின் நீர்மட்டத்துக்கும் அதன் ஆபத்துக்கும் உள்ள உறவு கணக்கில் சொல்லும் ஒரு சார்பே, அதாவது ஓர் அளவுக்கு ஒரே பதில்தான், என்று சான் பார்த்தோலோ நகராட்சி தீர்மானித்துவிட்டது. ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவது கை கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தது. இனி ஆற்றங்கரை விளக்குப் பலகையில் ஓர் உயரத்துக்கு ஒரே நிறம். ஒரு மீட்டர் வரை பச்சை, இரண்டு வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சிவப்பானால் அபாயச் சங்கு தானே ஊதும். வேறு எதற்கும் ஊதாது.

தினம் மூன்று வேளை ஆற்றின் அளவுகோலைப் பார்த்துக் குறிக்கிற ஒத்திலியாவுக்கு மட்டும் இது தொண்டையில் இறங்கவில்லை. அவள் நோட்டில் அறுபது சென்டிமீட்டர் நூறு தடவைக்கு மேல் இருந்தது. எல்லாம் மழையில்லாத நாட்கள். ஒன்று மட்டும் போன ஏப்ரலில், கொட்டுகிற மழையில். மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் தண்ணீர் மளமளவென்று அறுபதுக்கு இறங்கிய நாள். அரைமணியில் அடைப்பு உடைந்தது. மாடுகள் பதினொன்று போயின. மாட்டுக்காரர் எவரிஸ்தோவும் போனார்.

தலைநகரிலிருந்து வந்திருந்த பொறியாளர் பர்ராகானிடம் நோட்டை நீட்டினாள்.

"பாருங்க இஞ்சினியர், அதே அறுபதுக்கு ரெண்டு பதில். ஒண்ணு பச்சை, இன்னொண்ணு சாவு. அப்புறம் எப்படி இது சார்பு?"

"அந்த ஒரு புள்ளி பிழைம்மா. வரைபடக் கோட்டுல ஒட்டாம அசிங்கமா நின்னுச்சு. எடுத்துட்டேன்."

"எவரிஸ்தோவையுமா?"

மேயர் ரெகால்தே செருமினார். "ஒத்திலியா, உன் வேலை தண்ணிய அளக்கிறது. யோசிக்கத்தான் காசு குடுத்து ஆள் கூட்டியாந்திருக்கோம்ல?"

பலகைத் திறப்பு விழா ஆற்றுமணலிலேயே நடந்தது. மூன்று நாளாக மலையில் மழை. காலை பத்து மணிக்கு ஒரு மீட்டர் நாற்பது, மஞ்சள். மேயர் முகம் சுண்டியது. பதினொன்றுக்கு ஒரு மீட்டர் பத்து. சற்று நேரத்தில் அறுபது. பலகையில் பச்சை எரிந்ததும் கூட்டம் கைதட்டியது. தானே ஆற்றை இறக்கிவைத்தவர் போல மேயர் தலை வணங்கினார். கூழாங்கற்களில் மீன்கள் துடித்தன. ஜனங்கள் தொப்பியில் அள்ளினார்கள். காற்றில் பச்சை மண்வாடை. மேலே வானம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

மணலில் ஒத்திலியாவின் அக்கா நியேவஸ் சுட்ட பன்றியோடு கடை விரித்திருந்தாள்.

"சங்க ஊதுங்கய்யா!" என்று ஒத்திலியா கெஞ்சினாள். "மழை பெய்யுது, தண்ணி இறங்குது. மேல எங்கயோ நிக்குது!"

"பச்சைக்கு ஊதாதும்மா," என்றார் பொறியாளர் பொறுமையாக.

அதோடு விளக்குவதை விட்டாள். அக்காவின் கடை மேசைமேல் ஏறிக் கத்தினாள்: "கோயில் வாசல்ல பன்றிக்கறி இலவசம்! மேயர் செலவு! முதல்ல வர்றவங்களுக்குத்தான்!"

"அடியே, பன்றி இங்கதானே இருக்கு!"

"அதையும் தூக்கிட்டு மேல ஏறுக்கா. ஓடு!"

இருநூறு பேர் கரையேறினார்கள். வாத்தியக்காரர்கள் பெரிய முரசைக்கூடப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒத்திலியா கடைசியாக ஏறித் திரும்பிப் பார்த்தாள். மணலில் இருவர்தான் பாக்கி.

"எங்கய்யா போறீங்க? இன்னும் ரிப்பனே வெட்டலையே!" என்று மேயர் கத்தரிக்கோலை ஆட்டினார்.

பள்ளத்தாக்கின் மேல்முனையில் நூறு லாரிகள் ஒன்றாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கிளம்பியது.

பொறியாளர் பலகையைப் பார்த்தார். பச்சை.