தோணி அடியில் ஒரு சொந்தம்

சீதேவிப்பிள்ளைக்கு யாரைக் கண்டாலும் கேட்க ஒரே கேள்விதான்: "என்ன குடி?" தாய்வழியாக வரும் குடி தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பை அவள் கையைவிட்டுப் போகாது. மகள் கம்சாயினிக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே பத்திக்கொண்டு வரும். அந்த வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள், விலங்கியல் பட்டதாரி.

ஆனால் மூன்று நாளாக அவளுடைய கோபம் அம்மா மேல் இல்லை, வாவி உயிரினப் பட்டியல் தயாரிக்கும் வேர்னன் சேர் மேல். முகத்துவாரத்தில் அப்பாவின் தோணி அடியிலிருந்து அவள் சுரண்டி எடுத்த, பூப்பூவாகப் படர்ந்த ஊதாப் பசையைப் படத்தில் பார்த்துவிட்டு, அந்தப் பட்டியலில் 'கடற்பஞ்சு' என்று எழுதிவிட்டார். பக்கத்தில், சேகரித்தவர் என்று இவளுடைய பெயர்!

"பஞ்சு இல்ல சேர். பொட்றில்லஸ். கடற்பீச்சி. அந்தப் பூவில ஒவ்வொரு இதழும் ஒரு உயிர். வாய் தனித்தனி, தண்ணி வெளிய போறதுக்கு மட்டும் நடுவுல பொது வாசல்."

"பஞ்சுக்கும் ஓட்டைதானே, பிள்ளை. ஆதாரம் காட்டுங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பட்டியல் போகுது."

ஆதாரம் குஞ்சில் இருந்தது. வளர்ந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கும் இந்தச் சீவன், குஞ்சில் வாலடித்து நீந்தும். வாலுக்குள் முதுகுநாண் ஓடும். ஏழு பிறப்பெடுத்தாலும் பஞ்சுக்கு அது வாய்க்காது. கடல்தண்ணி நிறைத்த பேசனில் பசையை வைத்து, சூடு படாமல் சுளகால் மூடிக் காத்திருந்தாள். ஒரு குஞ்சும் வரவில்லை.

வெள்ளி காலை ஒன்பது மணி. சுளகைக் காணவில்லை.

"ஆரும்மா சுளக எடுத்த?"

"நான்தான். அரிசி புடைக்க உன்ட மண்டையையா எடுக்கிற?"

கத்திக்கொண்டு ஓடினாள். பேசனில் வெயில் விழுந்து கிடந்தது. தண்ணீரில் தூசி. குனிந்தாள். தூசிக்கு வால் இருந்தது! பத்து, இருபது, துள்ளித் துள்ளி. இருட்டுக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் குஞ்சு விடும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான், மூன்று நாள் சுளகால் மூடி வைத்திருந்தாள்.

"தவளைட வாற்பேத்தையாகா?" அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன குடி?"

ஏசுவதற்குத் திறந்த வாயிலிருந்து சிரிப்பு பீறிட்டது. "நம்மட குடிதான்மா! முதுகுநாண் குடி. மீன், தவளை, நீ, நான், வேர்னன் சேர் எல்லாரும் இதுதான். பஞ்சு வேற குடி."

"அப்ப ஒரே குடிக்குள்ள சம்பந்தம் செய்யேலா," என்றாள் சீதேவிப்பிள்ளை, தீர்ப்புச் சொல்வதுபோல.

போனில் உருப்பெருக்கி வில்லையைக் கொளுவி எடுத்த வீடியோ சேருக்குப் பறந்தது. ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"வாலுக்குள்ள கம்பி மாதிரி ஓடுது, பிள்ளை. நான் தோத்தன். என்ன குடும்பம் எண்டு போடுற?"

"ஸ்டையெலிடே, சேர்."

"நம்மட குடி எண்டு எழுதச் சொல்லுகா!" என்று குசினியிலிருந்து அம்மா கத்தினாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, பட்டியலில் பஞ்சு போய்ப் பீச்சி வந்தது. பக்கத்தில் கம்சாயினி யோகராசா. அதை அவள் இரண்டு தரம் வாசித்து முடிக்கவில்லை, சீதேவிப்பிள்ளை பேசனைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டாள்.

"கொண்டுபோய் ஆத்துவாயில விடு. சொந்தக்காரர பேசனுக்குள்ள வச்சிருந்தா ஊர் என்ன சொல்லும்?"